மனிச உணர்ச்சி இல்லாமப்போற சயன்ஸ் பிக்ஷன் ஹொரர் படங்கள்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

கிளிநொச்சிப் பக்கம் எங்கடை சனசமூக நிலையத்திலை மாசத்துக்கு ஒருக்கா புரொஜெக்டர் போட்டுப் படம் காட்டுறம். இந்த வருசம் நான் எடுத்தது, ஆள் வெளியிலை அப்பிடியே இருக்க உள்ளுக்கை உணர்ச்சி மட்டும் இல்லாமப்போற சயன்ஸ் பிக்ஷன் ஹொரர் படங்கள். படம் முடிஞ்சு கதிரை அடுக்கேக்கையும், பிறகு கடையிலை பஸ்ஸிலை கண்ட இடத்திலையும் திரும்பத் திரும்ப அதே கேள்வியளைத்தான் கேக்கினம், அதாலை கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கிறன். முடிவு சொல்ல வேண்டிய இடத்திலை முதலே சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்.

பிள்ளை, இது பேய்ப்படமோ சயன்ஸ் படமோ?

பயம் பேய்ப்படத்துப் பயம், காரணம் மட்டும் சயன்ஸ். விண்வெளியிலை இருந்து வந்த விதை, ஒரு கிருமி, ஒரு மருந்து, இல்லாட்டி ரோபோ, இப்பிடி ஏதோ ஒண்டு ஆளை மாத்திப்போடும். அவ்வளவுதான் அதிலை சயன்ஸ், கனக்க எதிர்பாக்காதேங்கோ.

ஆனால் எங்கடை பேய்க்கதையளுக்கு இது நேரெதிர். எங்கடை பேய் ஆர்? ஆசை தீராமல் செத்த ஆள். கோவம், ஏக்கம், பிள்ளைப்பாசம் எல்லாம் அளவுக்கு மிஞ்சிப்போய் இருக்கிறதாலைதான் அது போகேலாமல் புளியமரத்திலை நிக்குது, ஒருத்தரைப் பிடிச்சால் அவர் அழுவார், கத்துவார், ஆடுவார். இந்தப் படங்களிலை பிடிபட்ட ஆள் ஒண்டும் செய்யமாட்டார். விடிய எழும்பி தேத்தண்ணி குடிச்சு வேலைக்குப் போவார், உங்கடை பேர் தெரியும், உங்கடை சின்ன வயசுக் கதை தெரியும், உங்களிலை அக்கறை மட்டும் இருக்காது. பூசாரியைக் கூப்பிட்டும் பிரயோசனமில்லை, ஏனெண்டால் வெளியிலை விரட்ட வேண்டிய ஆள் எண்டு ஒருத்தர் தனியா உள்ளுக்கை இல்லை.

எதிலை இருந்து துவங்கிறது அக்கா?

1956இலை டொன் சீகல் எடுத்த 'இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாச்சர்ஸ்'. எண்பது நிமிசம்தான். ஜாக் ஃபின்னி எண்டவர் எழுதி 1955இலை புத்தகமா வந்த நாவல்தான் கதை. கலிபோர்னியாவிலை சாந்தா மீரா எண்டு ஒரு கற்பனை டவுன், அங்கை ஒரு டொக்டர். ஒரு சின்னப் பெடியன் 'இது என்ரை அம்மா இல்லை' எண்டு அழுறான். ஒரு பெண் 'இது என்ரை மாமா மாதிரித்தான் இருக்கிறார், கதைக்கிறதும் அப்பிடித்தான், ஆனால் அவர் இல்லை' எண்டு சொல்லுறா. டொக்டர் முதல் நம்பேல்லை. பிறகு பாத்தால் பெரிய பெரிய விதைக்கூடுகளுக்குள்ளை ஊராக்களின்ரை உடம்பு விளைஞ்சுகொண்டு இருக்கு.

இந்த வகையிலை அதுக்கு முதலும் படம் வந்திருக்கு, 1953இலை 'இன்வேடர்ஸ் ஃப்ரொம் மார்ஸ்' எண்டு ஒண்டு, தகப்பன் ஒரு இரவு வெளியிலை போய் வேறை ஆளா வீட்டை வருவார். ஆனால் இதுகளின்ரை தாய்ப்படம் எண்டால் 1956தான், பின்னாலை வந்த எல்லாத்திலையும் இதின்ரை சாயல் இருக்கு.

கறுப்பு வெள்ளைப் படம் பாக்கப் பொறுமையில்லை, 78இலை வந்ததை நேராப் பாத்தால் விளங்குமோ?

விளங்கும். அதே கதையை அதே பேரிலை 1978இலை ஃபிலிப் கௌஃப்மன் திரும்ப எடுத்தது, கதை சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு மாறிட்டுது, டொனால்ட் சதர்லாண்ட் சுகாதாரப் பரிசோதகரா வாறார். இந்தக் கதையை வைச்சு நாலு படம் வந்திருக்கு, என்னைக் கேட்டால் நாலிலையும் இதுதான் திறம். துவக்கத்திலையே விதைகள் விண்வெளியிலை இருந்து மழையோடை இறங்கி மரத்து இலையளிலை ஒட்டி சின்னச் சிவப்புப் பூவாப் பூக்கும், ஒருத்தி வடிவா இருக்கெண்டு பிடுங்கிக்கொண்டு வீட்டை போவா. எங்கடை காணியளிலை பாத்தீனியம் பரவின மாதிரி, பூவா இருக்கேக்கை ஒருத்தரும் கவனிக்கேல்லை.

ஆனால் 56ஐ முதல் பாத்தால் ஒரு சந்தோசம் கூட இருக்கு. பழைய படத்திலை டொக்டரா வந்த கெவின் மக்கார்த்தி 78இலையும் ஒரு நிமிசம் வாறார், காருக்கு முன்னாலை ஓடிவந்து கண்ணாடியிலை அடிச்சு 'வந்திட்டாங்கள்' எண்டு கத்துற ஆள் அவர்தான். டொன் சீகலும் டக்சி ஓடுற ஆளா வாறார்.

ஒரே கதையை ஏன் நாலுதரம் எடுத்து வைச்சிருக்கினம்?

ஒவ்வொரு தரமும் பயந்த விசயம் வேறை, அதுதான். 56இலை எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்ச சின்ன ஊர், அதுக்குள்ளை நம்பிக்கை உடையுது. 78இலை பெரிய நகரம், பக்கத்து வீட்டுக்காரனையே தெரியாத இடத்திலை ஒருத்தன் மாறிட்டான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

1993இலை ஏபல் ஃபெராரா எடுத்த 'பொடி ஸ்னாச்சர்ஸ்' ஒரு ஆமிக் காம்புக்குள்ளை நடக்குது. அங்கை எல்லாரும் ஏற்கெனவே ஒரே உடுப்பு, ஒரே நடை, மாறினவன் ஆர் மாறாதவன் ஆர் எண்டு தெரியவே தெரியாது. அதிலை சின்னப்பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை ஒரு சீன், எல்லாப் பிள்ளையளும் கீறின படத்தைத் தூக்கிக் காட்டுவினம், எல்லாம் ஒரே படம், ஒரு பெடியன்ரை மட்டும் வேறை. விளக்கம் ஒண்டும் இல்லாமல் முழுக்கதையும் அந்த ஒரு இடத்திலை இருக்கு. அந்த சீன் ஓடேக்கை எங்கடை ஹோலிலை ஒருத்தரும் மூச்சு விடேல்லை.

2007இலை வந்த 'த இன்வேஷன்' நிக்கோல் கிட்மன் நடிச்சது, இதிலை விதைக்கூடு இல்லை, விழுந்து நொருங்கின விண்வெளி ஓடத்திலை இருந்து கிருமி பரவுது. படமா எடுத்தால் நாலிலையும் இதுதான் மெலிவு, ஓட்டமும் கார் துரத்தலும் கூடிப்போச்சு. ஆனால் அதிலை ஒரு கேள்வி இருக்கு, அதுக்குக் கீழை வாறன்.

ரத்தம் இல்லை, வெட்டுக்கொத்து இல்லை, பிறகு ஏன் எனக்கு இவ்வளவு பயம் வந்தது?

வெட்டுறவன் வந்தால் ஓடலாம், கதவைப் பூட்டலாம். இதிலை வீட்டுக்குள்ளை இருக்கிற ஆள்தான் பயம். அம்மான்ரை கை அதே கை, சோறு போடுறதும் அதே மாதிரி, ஆனால் பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது. அதை ஆருக்குச் சொன்னாலும் 'உனக்கு விசர்' எண்டுதான் சொல்லுவினம். 56இலை மனநல டொக்டர் ஒருத்தர் இது ஊர் முழுக்கப் பரவுற ஒரு மனப்பிரமை எண்டு வடிவா விளங்கப்படுத்துவார், கேக்க எவ்வளவு நியாயமா இருக்கும். 78இலை அந்த இடத்துக்கு லெனார்ட் நிமோயைப் போட்டிருக்கினம், 'ஸ்டார் ட்ரெக்'கிலை உணர்ச்சியை அடக்கிற ஸ்பொக்கா நடிச்ச அதே ஆள், அவரைத் தெரிவு செய்ததே ஒரு கெட்டித்தனம்.

மற்றது சத்தம். 78இலை மாறின ஆக்கள் மாறாத ஆளைக் கண்டால் வாயைத் திறந்து ஒரு கீச்சுச் சத்தம் போடுவினம், அந்தச் சத்தங்களைச் செய்தது 'ஸ்டார் வோர்ஸ்'க்குச் சத்தம் செய்த பென் பேர்ட். ஹெட்ஃபோன் போட்டுப் பாக்கிற ஆக்கள் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ.

சொம்பிப் படமும் இதுவும் ஒண்டுதானே?

இல்லை. சொம்பிக்குப் புத்தி போகும், பசி மிஞ்சும், தூரத்திலை வரேக்கையே தெரியும். இதிலை புத்தி அப்பிடியே இருக்கும், திட்டம் போடுவினம், ஃபோன் எடுப்பினம், லொறியிலை விதைக்கூடு ஏத்தி அடுத்த ஊருக்கு அனுப்புவினம். 1982இலை ஜோன் கார்ப்பென்டர் எடுத்த 'த திங்'கையும் இதோடை சேக்கிறவை இருக்கினம், அதிலை ஆளின்ரை உருவெடுத்து வாற பிராணி கோவம், பயம் எல்லாத்தையும் அப்பிடியே நடிச்சுக் காட்டும். இந்தப் படங்களிலை மாறினவை நடிக்கக் கூட மினக்கெடமாட்டினம், தேவையில்லை எண்டு விட்டிடுவினம்.

ஏன் எல்லாத்திலையும் நித்திரை கொண்டால்தான் மாறீனம்?

நித்திரையிலை ஆரும் காவல் இருக்கேலாது எண்டதாலை. வயல் காவலுக்குக் கொட்டிலிலை இருந்து யானைக்கும் பண்டிக்கும் முழிச்சிருந்த ஆக்கள் இந்தப் படத்தைப் பாத்து உடனை பிடிச்சுக்கொள்ளுவினம், விடியப்புறம் கண் தானா மூடுற அந்த நேரம்தான் ஆபத்து. எவ்வளவு பெரிய வீரனா இருந்தாலும் எத்தினை இரவுக்கு முழிச்சிருப்பாய்?

இன்னொண்டும் இருக்கு. மாறுறதிலை நோவில்லை. படுத்து எழும்பினால் சரி. 'நோகாது, எழும்பேக்கை கவலை ஒண்டும் இருக்காது' எண்டுதான் மாறினவை ஆசைகாட்டுவினம், களைச்சுப்போன மனிசருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை எண்டு யோசியுங்கோ.

இது கொமியூனிஸ்ட்டுகளுக்கு எதிரா எடுத்த படமெண்டு ஒராள் சொன்னார், உண்மையோ?

அப்பிடியும் வாசிக்கினம், நேரெதிராயும் வாசிக்கினம். 1950களிலை அமெரிக்காவிலை கொமியூனிஸ்ட் எண்டு சந்தேகப்பட்டு ஆக்களை விசாரிச்சு, ஹொலிவூட்டிலை கனபேருக்கு வேலையும் இல்லாமச் செய்தவை, செனட்டர் ஜோசஃப் மக்கார்த்தின்ரை காலம். நடிகர் மக்கார்த்தி வேறை ஆள், குழம்பாதேங்கோ. அதாலை மாறினவை கொமியூனிஸ்ட்டுகள் எண்டு ஒரு பக்கம் சொல்ல, இல்லை, பயத்திலை எல்லாரும் ஒரே மாதிரி நிக்கச் சம்மதிச்ச அமெரிக்கர்தான் மாறினவை எண்டு மற்றப் பக்கம் சொல்லுது. எழுதின ஃபின்னி தான் அரசியல் ஒண்டும் நினைச்சு எழுதேல்லை எண்டுதான் சொன்னவர்.

எனக்கு ரெண்டாவது வாசிப்புத்தான் பொருத்தமாப் படுது. பக்கத்து வீட்டுக்காரன் ஆர் பக்கம் எண்டு தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஊர் எப்பிடி இருக்கும் எண்டு படம் காட்டுது, அது எந்தக் கட்சிக்கும் பொருந்தும். ஸ்ரூடியோவுக்கு முடிவு பிடிக்கேல்லை எண்டதும் பலருக்குத் தெரியாது. சீகல் எடுத்த முடிவு, டொக்டர் ரோட்டிலை நிண்டு வாகனங்களைப் பாத்து 'அடுத்தது நீங்கள்தான்' எண்டு கத்துறது. கொஞ்சம் நம்பிக்கை வேணும் எண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆசுப்பத்திரி சீன் ரெண்டு ஒட்டினவை. பாக்கேக்கை அந்த ஒட்டு நல்லாத் தெரியும்.

பொம்பிளையளை மாத்திற படம் ஒண்டு இருக்கெண்டு சொன்னீங்கள், பேர் என்ன?

'த ஸ்டெப்ஃபர்ட் வைவ்ஸ்', 1975, பிரையன் ஃபோர்ப்ஸ் எடுத்தது, ஐரா லெவின்ரை 1972ஆம் ஆண்டு நாவல். கனெக்டிகட் மாநிலத்திலை ஒரு பணக்கார ஊர். அங்கை மனிசிமார் எல்லாம் எப்பவும் சிரிச்சபடி, வீடு பளபளப்பு, புருசன்மாருக்கு எதிர்க்கதை இல்லை. புதுசா வந்த ஒருத்தி சந்தேகப்படுறா. (இனி முடிவு.) புருசன்மார் கூடி மனிசிமாரை இல்லாமச் செய்து அவையைப் போலை ரோபோ செய்து வைச்சிருக்கிறாங்கள்.

இதைக் காட்டின அண்டு பின்வரிசையிலை இருந்த அக்காமார் படம் முடிஞ்சும் எழும்பேல்லை, மிச்சப் படங்களுக்கு இல்லாத கதை இதுக்கு இருந்தது. மற்றப் படங்களிலை விண்வெளியிலை இருந்து வந்தது உணர்ச்சியை எடுக்குது, இதிலை கட்டின புருசன் காசு செலவழிச்சு எடுப்பிக்கிறான். எடுத்தது கோவத்தையும் கேள்வியையும், விட்டு வைச்சது சிரிப்பை மட்டும்.

ஏன் இந்தப் படங்களிலை எல்லாம் நாய் வருது?

நல்லாக் கவனிச்சிருக்கிறியள். 56இலை டொக்டரும் காதலியும் முகத்திலை ஒண்டும் காட்டாமல் மாறின ஆக்களுக்கு நடுவாலை நடந்து தப்பப் பாக்கினம். ஒரு நாய் லொறிக்கு முன்னாலை ஓட, அவ தன்னை அறியாமல் கத்திப்போடுவா, அதோடை பிடிபட்டிடுவினம். 78இலையும் ஒரு நாய், அதின்ரை முகத்தைக் கண்டு ஒருத்தி கத்துவா, முகம் என்னெண்டு சொல்லமாட்டன். 2002இலை வந்த 'ஈக்குவிலிப்ரியம்' படத்திலை உணர்ச்சியுள்ளவையை வேட்டையாடுற அதிகாரி ஒரு நாய்க்குட்டியைக் கொல்லேலாமல் நிப்பான், அங்கைதான் அவன்ரை வாழ்க்கை திரும்புது.

நாய்க்கு இரங்கிறதிலை லாபம் ஒண்டும் இல்லை, யோசிச்சுச் செய்யிற காரியமும் இல்லை, அதாலை அது ஒரு சோதனையா வாறது. ஆனால் நான் எல்லாருக்கும் சொல்லுறது இதிலை இன்னொரு பக்கத்தைப் பாருங்கோ எண்டு. முகத்திலை ஒண்டும் இல்லாமல் நடக்கிற ஆக்கள் படத்திலை ரெண்டு வகை. உள்ளுக்கை ஒண்டும் இல்லாதவை ஒரு வகை, உள்ளுக்கை எல்லாத்தையும் வைச்சுக்கொண்டு உயிர் தப்ப மறைக்கிறவை மற்ற வகை. ரெண்டு முகமும் ஒரே முகம். சோதனைச்சாவடி லைனிலை அடையாள அட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஒரு பக்கமும் பாக்காமல் நிண்ட ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1960இலை வந்த 'வில்லேஜ் ஒஃப் த டாம்ட்' படத்திலையும் இதுதான், மனசை வாசிக்கிற, ஈவிரக்கமில்லாத பிள்ளையளுக்கு முன்னாலை ஒரு வாத்தியார் தன்ரை திட்டத்தை மறைக்க ஒரு செங்கல் சுவரை மட்டும் நினைச்சுக்கொண்டு நிப்பார்.

'இது என்ரை மனிசன் இல்லை' எண்டு உண்மையா ஒரு வருத்தம் இருக்கோ?

இருக்கு, காப்கிரா எண்டு பேர். ஜோசஃப் காப்கிரா எண்ட பிரெஞ்சு மனநல மருத்துவர் 1923இலை இன்னொருத்தரோடை சேந்து எழுதினவர். நோயாளிக்கு முகம் வடிவா அடையாளம் தெரியும், ஆனால் அது தன்ரை ஆள் இல்லை, அதே மாதிரி வந்த வேறை ஆள் எண்டு உறுதியாச் சொல்லுவார்.

தமிழ்நாட்டிலை பிறந்த மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தவர். முகத்தை அடையாளம் காணுற பகுதி சரியா வேலை செய்யுது, அதிலை இருந்து உணர்ச்சிப் பகுதிக்குப் போற பாதை பழுது. அம்மாவைக் கண்டால் வரவேண்டிய அந்தச் சூடு வரேல்லை, அதாலை மூளை 'அப்ப இது அம்மா இல்லை' எண்டு முடிவெடுக்குது. அவர் பாத்த ஒரு நோயாளி தாய்தகப்பனோடை ஃபோனிலை கதைக்கேக்கை அவையை அவையாவே ஏத்துக்கொண்டவர், ஏனெண்டால் குரலுக்குப் போற பாதை வேறை. இதிலை மாறினது பாக்கப்படுற ஆள் இல்லை, பாக்கிற ஆள். படங்கள் இதைத் தலைகீழாப் பிடிச்சிருக்கினம். அதோடை 2007 படத்திலை 'என்ரை மனிசன் மாறிட்டார்' எண்டு டொக்டரிட்டை வந்து சொல்லுற பெண்ணா நடிச்சது வெரோனிக்கா கார்ட்ரைட், 78 படத்திலை சதர்லாண்டின்ரை சிநேகிதி நான்சியா நடிச்ச அதே ஆள்.

உணர்ச்சி இல்லாட்டி சண்டையும் இல்லை, யுத்தமும் இல்லை. அப்ப அது நல்லதுதானே?

இதைக் கேட்டது பதினேழு பதினெட்டு வயசுப் பெடியன், இஞ்சை பிறந்து வளந்தவன். லேசாச் சொல்லி விடுற கேள்வி இல்லை. நான் மேலை சொன்ன 2007 படம் இதைத்தான் கேக்குது. கிருமி பரவப் பரவ ரீவி நியூசிலை ஒவ்வொரு நாட்டிலையும் சண்டை நிக்கும், சமாதான ஒப்பந்தம் எழுதுவினம், கடைசியிலை மருந்து கண்டுபிடிச்சு எல்லாரும் மனிசரா வர நியூசிலை திரும்பக் குண்டு வெடிக்கும். 'ஈக்குவிலிப்ரியம்' கதையும் மூண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சண்டை வராமல் இருக்க எல்லாருக்கும் ஊசிமருந்து போடுற நாடு. 1971இலை ஜோர்ஜ் லூகஸ் எடுத்த முதல் முழுநீளப் படம் 'டிஎச்எக்ஸ் 1138'இலையும் நிலத்துக்குக் கீழை ஒரு நகரம், கட்டாய மருந்து, காதல் தடை.

ஆனால் வடிவாப் பாருங்கோ, இந்தப் படங்களிலை ஆரெண்டாலும் சண்டையை நிப்பாட்டினவையோ? மாறின ஆக்கள் மாறாதவையை இரவு பகலாத் துரத்தினம், அடைக்கினம், கொல்லுகினம். 'ஈக்குவிலிப்ரிய'த்திலை புத்தகம் ஒளிச்சு வைச்சவனைச் சுடுகினம், உணர்ந்தவளை உயிரோடை எரிக்கினம். கோவம் இல்லாமலும் ஆளைக் கொல்லலாம், பட்டியல் ஒண்டு இருந்தால் காணும். கொன்றுபோட்டு நித்திரை வராமல் தவிக்கிறதுக்குத்தான் உணர்ச்சி வேணும். சண்டையாலை எல்லாத்தையும் இழந்த ஒரு தாய் 'எனக்கு ஒண்டும் உணராமல் இருந்தால் நல்லது' எண்டு சொன்னால் நான் அவவோடை வாதாட மாட்டன், அது வேறை. ஒரு அரசாங்கம் அதைச் சொன்னால் பயப்பிட வேணும்.

மனநல மருந்து குடிச்சால் நாங்களும் இப்பிடி ஆகிடுவமோ?

இல்லை. இந்தப் பயத்தாலை கிளினிக் போகாமல் விட்ட ஆக்களை எனக்குத் தெரியும், அதாலை இதைத் தெளிவாச் சொல்லுறன். மனச்சோர்வுக்குக் குடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளிலை சிலருக்கு உணர்ச்சி மழுங்கின மாதிரி, அழுகையும் வரேல்லை சிரிப்பும் வரேல்லை எண்டு ஒரு நிலை வாறது உண்மை, டொக்டர்மாருக்கும் தெரிஞ்ச விசயம். அப்பிடி எண்டால் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ, அளவைக் குறைப்பினம், இல்லாட்டி வேறை மருந்து மாத்துவினம். நீங்களா நிப்பாட்டாதேங்கோ, திடீரெண்டு நிப்பாட்டினால் தலைச்சுத்து, நித்திரையில்லாமை, பதட்டம் எல்லாம் வரும். கனபேருக்கு நடக்கிறது நேர்மாறு, சோர்வாலை செத்துக்கிடந்த ருசியும் விருப்பமும் மருந்தோடை திரும்ப வாறது.

தமிழிலை ஏன் இப்பிடி ஒரு படம் இல்லை?

நான் முதல் பதிலிலை சொன்ன காரணம்தான் எண்டு நினைக்கிறன், எங்கடை பயம் உணர்ச்சி மிஞ்சினதைப் பற்றினது. 2010இலை வந்த ஷங்கரின்ரை 'எந்திரன்'ஐப் பாருங்கோ, ரோபோ சிட்டி உணர்ச்சி இல்லாமல் இருக்கேக்கை சாது, உணர்ச்சி குடுத்த பிறகுதான் காதல் வந்து, பிடிவாதம் வந்து, ஊரை அழிக்கிற அளவுக்குப் போகுது. அங்கை எடுக்கிறது பயம், இஞ்சை குடுக்கிறது பயம். எடுக்கிற கதையை எங்கடை பக்கத்து ஆக்கள் ஒருத்தர் எழுத வேணும், அதுக்கு வேண்டிய அனுபவம் இஞ்சை கிடக்கு.

இப்ப எல்லாரும் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள், அவங்கள்தானே மாறின ஆக்கள்?

பெரிய ஆக்கள் கனபேர் இதைச் சொல்லுகினம், எனக்கு உடன்பாடில்லை. பஸ்ஸிலை ஃபோனைப் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளை கனடாவிலை இருக்கிற தமையனோடை கதைச்சு அழுதுகொண்டிருக்கலாம். ஒருத்தரைப் பாத்த உடனை 'இவனுக்கு உள்ளுக்கை ஒண்டும் இல்லை' எண்டு முடிவெடுக்கிறது மனிசரை மனிசர் இல்லை எண்டு தள்ளுற வேலை, அந்த வேலையைச் செய்யிறது படத்திலையும் மாறின பக்கம்தான்.

பெரியப்பா 2009க்குப் பிறகு அழுறதும் இல்லை சிரிக்கிறதும் இல்லை. படத்திலை வாற ஆக்கள் மாதிரியே இருக்கிறார். அவருக்கும் உணர்ச்சி போட்டுதோ?

இந்தக் கேள்வி ஒரு பிள்ளையிட்டை இருந்து இல்லை, கனபேரிட்டை இருந்து வேறை வேறை சொல்லிலை வந்தது. அப்பா, அக்கா, பக்கத்து வீட்டு மாமி எண்டு ஆள்தான் மாறும்.

போகேல்லை. பெரிய அழிவைக் கண்ட ஆக்களுக்கு மனம் மரத்துப்போறது தெரிஞ்ச ஒரு அறிகுறி, 1980இலை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் யுத்தம் போன்றதுகளுக்குப் பிறகு வாற மனவடுவை ஒரு நோயா எழுதேக்கையே இதையும் சேத்து எழுதினது. யாழ்ப்பாணத்திலை கனகாலம் வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தின்ரை மனவடுவை ஆராய்ஞ்சு 2010இலை எழுதினவர், ஒவ்வொரு ஆளாப் பாத்தால் காணாது, குடும்பமும் ஊரும் சேந்து காயப்பட்டிருக்கு எண்டது அவற்றை கருத்து. மாறின ஆளுக்கு நோகாது. பெரியப்பாவுக்கு நோவு கூடினபடியால் மனம் கதவைச் சாத்தி வைச்சிருக்கு. இது ரெண்டும் நேரெதிர், வெளியிலை ஒரே மாதிரித் தெரியும், நான் நாய்க் கேள்வியிலை சொன்னது இதுதான். நித்திரையில்லாமை, சத்தத்துக்குத் திடுக்கிடுறது, சாப்பிடாமல் விடுறது இதுகளும் இருந்தால் மாவட்ட ஆசுப்பத்திரியிலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, இத்தினை வருசம் போனாலும் பிந்தேல்லை.

அப்ப ஒராளுக்கு உள்ளுக்கை இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

படங்களிலை சோதனை வைக்கினம், நாய், முத்தம், திடீர்ப் பயம். அது படத்துக்குச் சரி. வீட்டிலை பெரியப்பாவுக்கு முன்னாலை பழைய படங்களைத் தூக்கிப்போட்டு அழுகிறாரோ எண்டு பாக்காதேங்கோ, செத்த பிள்ளையின்ரை கதையை வேணுமெண்டு எடுக்காதேங்கோ. பக்கத்திலை இருந்து ஒரு வேலையைச் சேந்து செய்யுங்கோ, மாட்டுக்கு வைக்கோல் போடுறது, தோட்டத்துக்குத் தண்ணி மாறுறது. அவர் கதைக்காட்டியும் நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ.

78 படத்தின்ரை கடைசி சீனும் இந்தக் கேள்விதான், பாக்காத ஆக்கள் இதோடை நிப்பாட்டுங்கோ. சதர்லாண்ட் மாறின ஆக்களுக்கு நடுவிலை வெறும் முகத்தோடை போறார், நாங்கள் அவர் மறைக்கிறார் எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறம். நான்சி மெல்ல வந்து அவற்றை பேரைச் சொல்லிக் கூப்பிடுறா, அவர் கையை நீட்டி அந்தச் சத்தத்தைப் போடுறார். கார்ட்ரைட்டுக்கு அந்த முடிவை முதலே சொல்லேல்லையாம், அந்த முகத்திலை இருக்கிறது பாதி நடிப்புத்தான். எல்லாரும் சதர்லாண்டைப் பற்றித்தான் கதைக்கினம், நான் சொல்லுறது ரெண்டாம்தரம் பாக்கேக்கை நான்சியைப் பாருங்கோ எண்டு. படத்தின்ரை நடுவிலையே 'உணர்ச்சியைக் காட்டாட்டி அவையை ஏமாத்தலாம்' எண்டு மற்றவைக்குச் சொல்லிக்குடுக்கிறது அவதான், கடைசி மட்டும் அந்த முகத்தை வைச்சே தப்பி நிக்கிறா, தெரிஞ்ச ஒருத்தரைக் கண்ட உடனைதான் அது குலையுது.